இசைக்குழுவை நடத்தும் கண்டக்டரைப் பாராட்டி எழுதப் பழகுவது எப்படி?

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் சிலர் கூடி மேற்கத்திய கச்சேரிப் பதிவுகள் கேட்கிறோம். அப்புறம் ஆளுக்கு அரைப் பக்கம் விமர்சனம். புதிதாக வருபவர்களிடம் நான் சொல்வது: ‘அற்புதம்’, ‘மெய்சிலிர்த்தது’ இரண்டையும் அடித்துவிடுங்கள். கோயில் நாயனத்துக்கும் அதையேதானே எழுதுவீர்கள்!

கண்டக்டர் கார்லோஸ் க்ளைபர் 1974-ல் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் பதிவு செய்த பீத்தோவனின் 5-ஆம் சிம்பொனியைப் போடுங்கள்; நாலு பகுதிகள் கொண்ட, பெரிய இசைக்குழுவுக்கான படைப்பு அது. தொடக்கத்தில் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் இடங்கள் இரண்டு வரும்; அவற்றில் இரண்டாவதைத்தான் பீத்தோவன் நீளமாக எழுதியிருக்கிறார். கண்டக்டர் அதைக் காட்டுகிறாரா? குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பகுதியின் முடிவுதான் முக்கியம். நாலாம் பகுதிக்கு இடைவெளியே கிடையாது. தந்திக் கருவிகள் அடங்கிய குரலில் நிற்க, டிம்பனி என்ற பெரிய முரசு மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். கடைசிச் சில நொடிகளில்தான் சத்தம் ஏறும். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த டிராம்போன்கள் என்ற பித்தளை ஊதுகருவிகள், நாலாம் பகுதி தொடங்கும் அப்போதுதான் முதன்முதலாக முழங்கும். சத்தத்தை முன்கூட்டியே ஏற்றிவிட்டால் காரியம் கெட்டது. எவ்வளவு நேரம் அடக்கிவைத்தார், எங்கே அவிழ்த்துவிட்டார் என்று எழுதினால், அதுவே பாராட்டு.

“வாசிக்கிறது அவங்க, பேரு கையை ஆட்டுறவருக்கா?” என்று எங்கள் ஆச்சி கேட்பார். நியாயம்தான். முதல் பகுதியில் ஓபோ என்ற ஊதுகருவி தனியாகப் பாடும் இடத்தின் புகழை ஓபோக்காரர் கணக்கிலேயே எழுதுங்கள்.

சரி, பிறகு இன்னொருவர் நடத்திய பதிவில் இதே இடங்களைக் கேளுங்கள். வித்தியாசம் பிடிபட்ட பிறகு பேனாவை எடுக்கலாம்.