கன்சாஸ் வரலாற பசங்க மண்டையில ஏத்துறது எப்படி

தங்கச்சி பையன் அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா ஊர்ல படிக்கிறான், ஜனவரி 29 வந்தா, அது மாநிலமான நாளு, கன்சாஸ் டேன்னு ஸ்கூல்ல எதனா செஞ்சினு வர சொல்றாங்க, நான் காட்பாடில காலைல 7 மணிக்கு டீ குடிச்சினே வீடியோ கால்ல சொல்லி குடுப்பேன், அங்க முந்துன நாள் ராத்திரி ஏழரை. உங்க வீட்லயும் இப்டி ஒரு வாண்டு இருந்தா இத பண்ணுங்க.

ஒரு அட்டைய செவ்வகமா வெட்ட சொல்லுங்க. மேல வலது மூலைய மட்டும் எலி கடிச்சாப்ல கிழிக்கணும், அதான் மிசௌரி ஆறு. நம்ம பாலாறு இல்ல, தண்ணி இருக்கும்.

இப்போ தேதி. 34வது மாநிலமான 1861-ல ஆரம்பிக்காதீங்க, அது நடுவுல வர்றது. 1854, 1954னு ரெண்டு ஆணி அடிங்க, நடுவுல கரெக்டா 100 வருஷம், ரெண்டுலயும் ஒரு பிரவுன் வருவாரு.

மொத ஆணி, அடிமை முறை வேணுமா வேணாமான்னு குடியேறுறவங்களே முடிவு பண்ணிக்கலாம்னு 1854 மே 30 சட்டம் வந்துச்சு, உடனே ரெண்டு தரப்பும் ஆள இறக்கிடுச்சு, 1856 மே 21 அடிமை முறை வேணும்ன்ற கோஷ்டி, வேணாம்ன்றவங்க இருந்த லாரன்ஸ் ஊர சூறையாடுனாங்க, 3 நாள் கழிச்சு அடிமை முறைய எதிர்த்த ஜான் பிரவுன் ஆளுங்க எதிர் கோஷ்டில 5 பேர வெட்டி போட்டாங்க. சின்ன பசங்கன்னா வெட்டுனத சொல்லாதீங்க, சண்டைன்னு சொன்னா போதும்.

ரெண்டாவது, கன்சாஸ் தலைநகர் டொபீகாவுல லிண்டா பிரவுன்ற பொண்ணு, கிட்டயே ஸ்கூல் இருந்தும் கருப்பின பசங்களுக்குன்னு இருந்த தூரத்து ஸ்கூலுக்கு போயினு இருந்தா, அவங்கப்பா கேஸ் போட்டாரு, 1954 மே 17 சுப்ரீம் கோர்ட்ல 9 ஜட்ஜும் ஒண்ணா நிறத்த வெச்சு ஸ்கூல பிரிக்கிறது செல்லாதுன்னுட்டாங்க.

நடுவுல கோதுமை. 1874-ல ரஷ்யால இருந்து வந்த மென்னோனைட்ன்ற கிறிஸ்தவ பிரிவு ஜனங்க டர்க்கி ரெட்னு ஒரு கோதுமை கொண்டாந்தாங்க, பனிக்காலம் முடிஞ்சு வெதைக்கிறதில்ல, பனிக்கு முன்னாடியே வெதைக்கிற ரகம். அட்டை நடுவுல நாலு கோதுமைய ஒட்டுங்க. அப்புறம் விலை ஏறுனதும் புல்லு இருந்த நிலத்தையெல்லாம் உழுதுட்டாங்க, 1930-கள்ல மழ பொய்ச்சதும் மண்ணு பறந்துச்சு, 1935 ஏப்ரல் 14 பகல்லயே இருட்டு.

அதுக்கு இடது கீழ் மூலைல கோதுமை மாவு தூவி ஊதிக் காட்டலாம். ஒரு சிட்டிகை போதும், வாயால தான் ஊதணும். இவன் அரை டம்ளர் கொட்டி ஹேர் ட்ரையர போட்டுட்டான், கேமரா ஃபுல்லா வெள்ள, பின்னாடி இருந்து தங்கச்சி என்ன தான் திட்டுறா.