காரணம் தெரியாமல் எடை கூடினால்: நோயறிதலுக்கு எப்படித் தயாராவது?

உணவிலும் உழைப்பிலும் பெரிய மாற்றம் எதுவும் இல்லாதபோது எடை ஏறிக்கொண்டே போனால், பெரும்பாலோர் முதலில் செய்வது பக்கத்து லேபுக்குப் போய்த் தைராய்டு பார்ப்பதுதான். முடிவு சரியாக வந்தால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். சற்று மிகுந்திருந்தால் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று தீர்மானித்துக்கொள்கிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். எடை எப்போது, எவ்வளவு வேகத்தில், வேறு எந்த மாற்றங்களோடு சேர்ந்து ஏறியது என்பதை மருத்துவர் அறிந்த பிறகுதான் எந்தப் பரிசோதனை தேவை என்பதே தெரியும். அந்த விவரத்தைத் திரட்டித் தர நோயாளியால் மட்டுமே முடியும்.

ஆகவே முதல் வேலை, ஒரு தாளில் காலவரிசை எழுதுவது. பழைய மருத்துவச் சீட்டுகளில் குறித்த எடை, விசேஷங்களில் எடுத்த புகைப்படங்கள், ரவிக்கையின் பக்கத் தையலைப் பிரித்துவிட்ட மாதம், பெல்ட்டில் புது ஓட்டை போட்ட சமயம் ஆகியவை எல்லாம் இதற்கு உதவும். அதே தாளில் மாதவிடாய்த் தேதிகள், குறட்டை, பகல் தூக்கம், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, மனச்சோர்வு ஆகியவை தொடங்கிய காலத்தையும் குறியுங்கள். இனி எடை பார்ப்பதை ஒரே கருவியில், காலையில் கழிவறை சென்று வந்த பின், வெறும் வயிற்றில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில நிலைமைகளில் இந்தத் தயாரிப்புக்கெல்லாம் நேரமில்லை. ஓரிரு நாட்களிலேயே சில கிலோ ஏறி, காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து, படுத்தால் மூச்சு வாங்கினால், அது கொழுப்பன்று. உடலில் நீர் தேங்குகிறது. இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றில் ஏதேனும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கைகால்கள் அப்படியே இருக்க வயிறு மட்டும் பெருத்தால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் கர்ப்பப் பரிசோதனையை முதலில் முடித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது மருந்துகள், இங்கேதான் விடை பல முறை ஒளிந்திருக்கிறது. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள், மனநோய்க்குத் தரும் ஓலன்சபின், வலிப்புக்குத் தரும் வால்புரோயேட், மனச்சோர்வுக்குத் தரும் மிர்டசபின், சர்க்கரைக்குத் தரும் இன்சுலின், கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன், பசி தூண்டத் தரப்படும் சைப்ரோஹெப்டடின் ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை. மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் வாங்கும் பெயரில்லாப் பொடிகளிலும், முகம் வெளுக்கத் தடவும் சில கிரீம்களிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் ஊரில் புதிதன்று. வீட்டில் இருப்பதை எல்லாம், சத்து மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துச் செல்லுங்கள். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

உடல் காட்டும் அடையாளங்களையும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட்டுத் துணிபோல் தடித்துக் கறுத்த தோலை, கவரிங் செயின் போட்டதால் வந்த அழுக்கு என்று நினைத்து எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்கவில்லை என்பதன் அறிகுறி. மோவாயில் தடித்த முடி, தள்ளிப்போகும் மாதவிடாய் ஆகியவை, நம் பெண்கள் நீர்க்கட்டி என்று சொல்லும் சினைப்பைக் கோளாறான பி.சி.ஓ.எஸ். பக்கம் கைகாட்டுகின்றன. வயிற்றில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான ஊதா வரிகள், லேசாக இடித்தாலே கன்றிப்போகும் தோல், குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாத தொடைப் பலவீனம் ஆகியவை சேர்ந்திருந்தால், கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மிகும் குஷிங் நோய்க்குறித் தொகுதியை மருத்துவர் கருத்தில் கொள்வார். இது அரிது, ஆனால் அரிது என்பதாலேயே ஆண்டுக்கணக்கில் கண்டறியப்படாமல் போவதும் நடக்கிறது.

பரிசோதனைகளில் தைராய்டுக்கு டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) ஆகிய இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் தேவைப்படலாம். முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அதை மட்டும் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையெனில் முடிவு தவறாக வரக்கூடும். தைராய்டுக் குறைவால் ஏறும் எடை வழக்கமாக இரண்டு முதல் ஐந்து கிலோவுக்குள்தான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். பதினைந்து கிலோ ஏறியவருக்குத் தைராய்டு மாத்திரையோடு தேடலை முடித்துக்கொள்வது போதாது.

பி.சி.ஓ.எஸ்.ஸை ஸ்கேன் ஒன்றை மட்டும் வைத்து உறுதி செய்ய முடியாது. ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) கோளாறுகள் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் நிறையாத பெண்பிள்ளைகளுக்கு ஸ்கேனை வைத்து இந்த முடிவுக்கு வரக் கூடாது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அது ஆண் ஹார்மோன், கார்ட்டிசால் அளவுகள் இரண்டையும் மாற்றிக் காட்டும்.

சர்க்கரைக்கு வெறும் வயிற்று அளவும், எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரியும் பார்க்கப்படும். முறையே டெசிலிட்டருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரையும், 5.7 முதல் 6.4 சதவீதம் வரையும் இருந்தால் நீரிழிவின் முன்நிலை. குஷிங் சந்தேகத்துக்கு, நினைத்த நேரத்தில் எடுக்கும் ஒற்றைக் கார்ட்டிசால் அளவு உதவாது. இரவு 11 மணிக்கு ஒரு மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கி மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம் கொடுப்பது, 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிப்பது, நள்ளிரவு உமிழ்நீரைச் சோதிப்பது ஆகியவையே உரிய வழிகள். விளம்பரங்களில் வரும் ஹார்மோன் பேக்கேஜ்களுக்குக் காசைக் கொட்டுவதைவிட, அதே பணத்தை ஒரு நல்ல மருத்துவரின் ஆலோசனைக்குச் செலவிடுவதே மேல்.

முதலில் பொதுநல மருத்துவரிடம் போகலாம். அடையாளங்கள் தெளிவாக இருந்தும் விடை கிடைக்காதபோது, எண்டோகிரைனாலஜியில் டி.எம். அல்லது டிஆர்.என்.பி. (முன்பு டி.என்.பி.) என்ற உயர்சிறப்புப் பட்டம் முடித்த நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இதற்கெனத் தனித்துறை உண்டு. "வாயைக் கட்டுங்கள்" என்ற ஒற்றை அறிவுரையோடு அனுப்பிவைக்கப் பார்த்தால், தாளை நீட்டி, "ஐயா, ஆறு மாதத்தில் இவ்வளவு ஏறியிருக்கிறது, கூடவே இவையும் வந்திருக்கின்றன, எந்தெந்த நோய் இல்லை என்று உறுதி செய்துவிட்டோம், எது இன்னும் பாக்கி?" என்று பணிவாகவே கேட்கலாம். பதிலை அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிவுகள் எல்லாம் இயல்பாக வந்தாலும், எத்தனை வாரம் கழித்து எதை மீண்டும் பார்க்க வேண்டும், இடையில் எந்த அறிகுறி தோன்றினால் உடனே வர வேண்டும் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே அறையை விட்டு எழுந்திருங்கள்.