பழைய மாருதி 800 காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா? ஸ்பார்க் ப்ளக் வரை படிப்படியாகச் சோதிக்கும் முறை

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பகுதி) பொருத்திய பழைய மாருதி 800 வண்டிகளை நம் ஊர்களில் இன்றும் பார்க்கலாம். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த அந்த வண்டியின் 796 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜின் மிக எளிய அமைப்புடையது. ஆகவே, காலையில் எத்தனை முறை செல்ஃப் அடித்தும் வண்டி கிளம்பாதபோது, கோளாறு எங்கே இருக்கிறது என்பதை வீட்டு வாசலிலேயே நாம் கண்டுபிடித்துவிடலாம். ஆனால், பெரும்பாலோர் முதலில் செய்வது, பெட்ரோலைப் பற்றவைக்கும் மூன்று ஸ்பார்க் ப்ளக்குகளையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவற்றை மாட்டுவதுதான். அந்தப் பழக்கம் தவறு. சிலிண்டருக்குள் என்ன நடந்தது என்பதன் அடையாளம் ப்ளக்கின் நுனியில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் எறிந்தால் கோளாறின் தடயமும் உடன் போய்விடும்.

வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர், ப்ளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகள்), ரப்பர் கைப்பிடி உள்ள கட்டிங் ப்ளையர், காய்ந்த பருத்தித் துணி, சோதனைக்கென்றே தனியாக ஒரு நல்ல ப்ளக் ஆகியவை இருந்தால் போதும். வண்டியை நியூட்ரலில் வைத்துக் கைப் பிரேக்கைப் போட்டுவிடுங்கள். பெட்ரோல் ஆவி உள்ள இடம் என்பதால் அருகில் யாரும் புகைபிடிக்கக் கூடாது.

முதல் படி: செல்ஃப் எழுப்பும் ஒலியைக் கேளுங்கள்

சாவியைத் திருப்பியதும் "டக்" என்ற ஒற்றை ஒலியோடு நின்றுவிட்டாலோ, இன்ஜின் இழுத்து இழுத்துச் சோர்வாகச் சுற்றினாலோ, ப்ளக்கின் பக்கமே இப்போது போக வேண்டாம். இரவு முழுவதும் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது என்று பொருள். செல்ஃப் அடிக்கும்போது அது 9.6 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால், சார்ஜ் குறைந்திருக்கிறது அல்லது பேட்டரி பலவீனமாகிவிட்டது. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூ பூத்திருந்தால், முதலில் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, கடைசியாக நெகட்டிவை மாட்டுங்கள். இன்ஜினுக்குப் போகும் எர்த் ஒயரின் நட்டும் தளர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

இன்ஜின் வேகமாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால்தான் அடுத்த படிக்கு வர வேண்டும். செல்ஃபைத் தொடர்ந்து 10 விநாடிகளுக்கு மேல் அடிக்காமல், ஒவ்வொரு முறைக்கும் இடையே அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள்.

இரண்டாம் படி: கரண்ட் வருகிறதா?

இன்ஜினில் உள்ள ப்ளக்குகளைக் கழற்றாமல், ஒரு சிலிண்டரின் ப்ளக் ஒயரை மட்டும் எடுத்து, தனியாக வைத்திருக்கும் சோதனை ப்ளக்கில் மாட்டுங்கள். அதன் இரும்பு உடல் இன்ஜினின் பெயின்ட் இல்லாத இடத்தை நன்றாகத் தொடும்படி ப்ளையரால் பிடித்துக்கொண்டு, மற்றொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மற்ற இரண்டு சிலிண்டர்களும் பற்றிக்கொண்டு இன்ஜின் ஓடத் தொடங்கலாம் என்பதால், கையையும் உடையையும் பெல்ட்டிலிருந்து விலக்கி வையுங்கள். சட்சட்டென்ற ஓசையோடு நீல நிறத்தில் பொறி வந்தால் கரண்ட் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக மெலிந்து வந்தாலும், வராமலே போனாலும், ஒவ்வொரு ப்ளக்குக்கும் முறைப்படி கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் நான் பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் கிளம்ப மறுத்த என் வண்டிக்கு ஒரு பட்டறையில் மூன்று முறை ப்ளக் மாற்றினார்கள். பிறகு நானே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, உட்புறத்தை மெல்லச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு முனைகளுக்கு இடையே தலைமுடி ஒட்டியது போல ஒரு மெல்லிய கருங்கோடு ஓடியது. துணியால் துடைத்தும் அது போகவில்லை. நகத்தால் தடவியபோதுதான் அது விரிசல் என்று தெரிந்தது. ஈரம் ஏறிய நாட்களில் கரண்ட் ப்ளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே கசிந்திருக்கிறது. மூடியை மாற்றியதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஆகவே மூடியின் உட்புறத்தையும், நடுவில் உள்ள சிறு கரித் துண்டையும், மூடிக்குள் சுழலும் ரோட்டாரின் நுனியையும் பார்த்து, ஈரம் இருந்தால் காயத் துடையுங்கள். தொடக்ககால வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பிளாட்டினம் பாயிண்ட் கருகியிருக்கிறதா என்றும், அதன் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ.க்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் பொறி வரவில்லை என்றால் காயில், கண்டென்சர் ஆகியவற்றைச் சோதிக்க எலக்ட்ரீஷியனிடம் போவதே நல்லது.

மூன்றாம் படி: ப்ளக்கைக் கழற்றிப் படியுங்கள்

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால், சூட்டோடு திருகினால் மரை போய்விடும் ஆபத்து உண்டு. ப்ளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதி அகற்றிய பிறகு, ஒயரை இழுக்காமல் அதன் ரப்பர் தொப்பியைப் பிடித்துக் கழற்றுங்கள். சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-3-2 என்பதால் ஒயர்கள் இடம் மாறினால் வண்டி ஓடாது. எனவே ஒரு நேரத்தில் ஒரு ப்ளக்கை மட்டுமே கழற்றிப் பார்த்து, அதை மாட்டிய பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

துடைப்பதற்கு முன் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். லேசான காப்பிப் பொடி நிறம் என்றால் அந்தச் சிலிண்டர் நலமாக இருக்கிறது. விரலில் ஒட்டும் காய்ந்த கரி, பெட்ரோல் அதிகமாகப் போவதையோ, சோக் (குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் மூடி) முழுவதும் திறக்காததையோ, ஏர் ஃபில்டர் அடைத்திருப்பதையோ காட்டுகிறது. பிசுபிசுப்பான கருப்பு எண்ணெய் என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. புது ப்ளக் போட்டாலும் அது மீண்டும் எண்ணெயில் நனையும். வெளுத்துப்போய்ப் புள்ளி புள்ளியாகப் பொரிந்திருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. வெள்ளைப் பீங்கானில் விரிசல் இருந்தால் மட்டும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

நுனி பெட்ரோலில் நனைந்து வாடை அடித்தால் இன்ஜின் ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கிறது. ப்ளக்கைக் காயவைத்து மாட்டி, சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடித்தால் பெரும்பாலும் பற்றிக்கொள்ளும். மாறாக, வெகுநேரம் அடித்த பிறகும் நுனி எலும்பாகக் காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. ஃபில்டர், ரப்பர் ஹோஸ், பம்ப் என்ற வரிசையில் பாருங்கள்.

நான்காம் படி: இடைவெளி வைத்து மாட்டுதல்

ஃபீலர் கேஜ் லேசான பிடிப்போடு நுழையும்படி, ப்ளக்கின் நடு முனைக்கும் வெளிப்புறக் கொக்கிக்கும் இடையே 0.7 முதல் 0.8 மி.மீ. இடைவெளி வையுங்கள். வெளிப்புறக் கொக்கியை மட்டுமே வளைக்க வேண்டும். நடு முனையை நெம்பினால் பீங்கான் உடைந்துவிடும். ஸ்பேனர் இல்லாமல், விரலாலேயே ப்ளக்கைக் கடைசி வரை திருகுங்கள். பாதியில் இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். உடனே கழற்றி மீண்டும் தொடங்குங்கள். விரலுக்கு அது நின்ற பிறகு, புது ப்ளக் என்றால் அரைச் சுற்றும், பழையது என்றால் அரைக்கால் சுற்றுக்கு மேல் போகாமலும் ஸ்பேனரால் இறுக்கினால் போதும்.

வண்டி கிளம்பி, வழக்கம்போல ஒரு வாரம் ஓடிய பிறகு, ஏதேனும் ஒரு ப்ளக்கை மறுபடியும் கழற்றி நிறத்தைப் பாருங்கள். காப்பிப் பொடி நிறம் வந்திருந்தால் திரும்ப மாட்டிவிடலாம். கரி மீண்டும் படிந்திருந்தால் கார்புரேட்டரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.