ஓர் இலையிலிருந்து நெல் வயலின் ஒளிச்சேர்க்கையைக் கணக்கிடும் முறை

நெல் வயலின் ஒளிச்சேர்க்கையைக் கணக்கிட விரும்புபவர் ஓர் இலையிலிருந்து தொடங்க வேண்டும். 1980-இல் ஃபார்க்கர், ஃபான் கெமரர், பெரி ஆகிய மூவரும் வெளியிட்ட மாதிரியே இதற்கு இன்றும் அடித்தளம். கார்பன் டை ஆக்சைடைப் பிணைக்கும் ருபிஸ்கோ நொதி அனுமதிக்கும் வேகத்தையும், ஒளியால் நிகழும் எலக்ட்ரான் கடத்தல் அனுமதிக்கும் வேகத்தையும் தனித்தனியே கணக்கிட்டு, குறைவானதை எடுத்து, அதிலிருந்து இலையின் சுவாசத்தைக் கழிக்க வேண்டும்.

இலைவெப்பம் 25 பாகை செல்சியஸ், இலைக்குள் கார்பன் டை ஆக்சைடு 280 பிபிஎம் என்று கொள்வோம். ருபிஸ்கோவின் உச்சத் திறன் சதுர மீட்டருக்கு நொடிக்கு 80 மைக்ரோமோல் என்றால், அதை (280 − 43) ஆல் பெருக்கி (280 + 710) ஆல் வகுக்க, சுமார் 19 கிடைக்கும். எலக்ட்ரான் கடத்தல் 150 என்றால், அதை நான்கால் வகுத்து, (280 − 43) ஆல் பெருக்கி, (280 + 86) ஆல் வகுக்க, சுமார் 24 வரும். எனவே 19-ஐ எடுக்கிறோம். மேகம் மறைத்து எலக்ட்ரான் கடத்தல் 80-ஆகக் குறைந்தால் இரண்டாம் வேகம் 13-க்கு இறங்கி, கடிவாளம் ஒளியின் கைக்கு மாறிவிடும். இங்கே 43 என்பது ஒளிச்சுவாச இழப்பும் ஒளிச்சேர்க்கையும் சமமாகும் கார்பன் டை ஆக்சைடு அளவு; 86 அதன் இருமடங்கு; 710 என்பது ருபிஸ்கோவின் கார்பன் பிணைப்பு உச்சத்தில் பாதியை எட்டும் அளவு. இவை மூன்றும் 25 பாகைக்கு உரியவை. வெப்பநிலை மாறினால் இவற்றையும், ருபிஸ்கோ, எலக்ட்ரான் கடத்தல் ஆகிய இரண்டின் திறன்களையும் திருத்த வேண்டும். அப்போது பயன்படுத்த வேண்டியது காற்றின் வெப்பநிலை அன்று, இலையின் வெப்பநிலை.

இலையிலிருந்து பயிருக்கு நகரும் இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வயலின் சராசரி ஒளியை இலைச் சமன்பாட்டில் இட்டால் விடை மிகையாகும். ஏனெனில் ஒளி கூடக் கூட ஒளிச்சேர்க்கை அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஒளி (சதுர மீட்டருக்கு நொடிக்கு மைக்ரோமோல் ஃபோட்டான்) 200-இல் 10-உம், 1600-இல் 24-உம் தரும் இரண்டு இலைகளின் உண்மையான சராசரி 17. ஆனால் அதே வளைகோட்டில் சராசரி ஒளியான 900-ஐ இட்டால் ஏறத்தாழ 21 வந்துவிடுகிறது.

ஆகவே வெயில்படும் இலைகளையும் நிழலிலுள்ள இலைகளையும் பிரித்துக் கணக்கிட்டுப் பின்னரே கூட்ட வேண்டும். இலைப்பரப்புக் குறியீடு (ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலுள்ள இலைப்பரப்பு) 4, ஒளி மறைப்புக் கெழு (இலைகள் ஒளியை எவ்வளவு தடுக்கின்றன என்பதன் அளவு) 0.5 எனில், நேரடி வெயிலில் சுமார் 13.5 சதவீதமே தரையை எட்டும். நான்கு பங்கு இலைப்பரப்பில் 1.73 பங்கு மட்டுமே வெயிலில் இருக்கும். அடியிலைகளில் நைட்ரஜன் குறைவென்பதால் மேலிலையின் திறனை அவற்றுக்கு அப்படியே அளிக்கக் கூடாது.

இறுதியாக, வயலின் மேல் நிறுவிய சுழல் காற்றுப் பாய்வு அளவீட்டுக் கோபுரத்தின் (பயிருக்கும் காற்றுக்கும் இடையே கைமாறும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி) தரவோடு ஒப்பிடலாம். ஆனால் கோபுரம் காட்டுவது நிகரப் பரிமாற்றம் மட்டுமே. இரவுத் தரவிலிருந்து மண்ணின், பயிரின் சுவாசத்தை மதிப்பிட்டுச் சேர்த்த பிறகே அந்த எண்ணை, இலைச் சுவாசத்தைக் கழிக்கும் முன் மாதிரி தரும் விடையருகே வைக்க வேண்டும்.