பிரீசர் போட்டால் ட்ரிப் விழுகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

திருகோணமலையில் மாரி மழை தொடங்கிவிட்டால் பலர் வீட்டில் இந்தத் தலையிடிதான். பிரீசரைப் போட்டதும் வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும். உப்புவெளி, நிலாவெளி போன்ற கடலோரங்களில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து பிளக் பின்களையும் கொம்பிரசர் முனைகளையும் அரித்துவிடும். அந்த வழியாகக் கரண்ட் கசியும்.

எது விழுந்தது என்று பார்க்காமலே நெம்பைத் தூக்கிவிடுவதுதான் முதல் தவறு. டெஸ்ட் பட்டன் உள்ள ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் அது மின்கசிவு. வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழும் வகை. சின்ன பிரேக்கர் மட்டும் விழுந்தால் அதிக சுமை அல்லது ஷோர்ட். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. திரும்பவும் விழுந்தால் மேலும் தூக்க வேண்டாம்.

எர்த் வயரைக் கழற்றிவிடுவது உயிருக்கே ஆபத்து. “எர்த்தை எடுத்தேன், ட்ரிப் விழவில்லை” என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கசிவு நிற்கவில்லை, பிரீசரின் தகட்டு உடம்பில் ஏறி நிற்கிறது. ஈரக்காலோடு மீன் எடுக்கப் போகும் பிள்ளையின் உடம்பு வழியாகத்தான் அது நிலத்துக்கு இறங்கும். ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேராக வயர் கொடுப்பதும் இதே பாவம்தான்.

அடுத்தது பலருக்குத் தெரியாத ஒன்று. பிளக் பொயின்ட் சுவிட்சை அணைத்துவிட்டு, “பிரீசர் ஓஃப், ஆனாலும் விழுகிறது, அப்போ பிரீசரில் பிழையில்லை” என்று முடிவுகட்டுவார்கள். அந்தச் சுவிட்ச் பெரும்பாலும் லைவ் வயரை மட்டுமே துண்டிக்கும். பிரீசருக்குள் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) எர்த்தோடு முட்டியிருந்தால் அணைத்த பிறகும் ட்ரிப் விழலாம். ஆகவே மெயினை அணைத்துவிட்டு பிளக்கையே உருவி எடுத்துப் பாருங்கள்.

அப்புறம், எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். போட்ட உடனே விழுந்தால் வயர், பிளக், கொம்பிரசர் பக்கம் சந்தேகப்படலாம். சில மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு விழுந்தால், ஐஸ் கட்டாத வகைப் பிரீசரில் பனி உருக்கும் ஹீட்டருக்குள் ஈரம் இறங்கியிருக்கலாம். கொம்பிரசரை மாற்றச் சொன்னால் அவசரப்பட்டுச் சம்மதிக்க வேண்டாம். மெகர் (மின்கசிவு இருக்கிறதா என்று வயர் காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்து அளந்தீர்களா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். வீட்டிலுள்ள மற்றச் சாமான்களின் சிறு கசிவுகள் சேர்ந்து, பிரீசர் போடும்போது எல்லை தாண்டுவதும் உண்டு. மற்றப் பிளக்குகளையெல்லாம் கழற்றிப் பார்த்தால் அது பிடிபடும்.

பிரேக்கர் விழுகிறதென்று பெரிய அம்பியர் பிரேக்கர் போடாதீர்கள், சுவருக்குள் வயர் உருகும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் வேண்டாம். கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள், கொம்பிரசரில் அழுத்தம் இறங்க வேண்டும். ஐஸைக் கத்தியால் குத்தவே கூடாது, உள்ளே போகும் வாயுக் குழாய் ஓட்டையாகிவிடும். இப்போது வரும் பல பிரீசர்களில் அந்தக் குழாய்க்குள் இருப்பது தீப்பற்றும் வாயு.

ஆள் வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள். நிறைந்த பிரீசர் சுமார் 48 மணி நேரம் குளிர் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி. அதற்கு மேல் போகும் போலிருந்தால் மீனை ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.