தறி ஓடும் ஊரில் இசைத்தட்டு: டர்ன்டேபிளை வைப்பதும் தட்டைக் கழுவுவதும்

விசைத்தறி ஓடும் சோமனூர், பல்லடம், அவிநாசி பக்கம் வீட்டில் டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) வைக்கிறவர்கள், ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் பணத்தைக் கொட்டும் முன் தரையின் அதிர்வையும் பஞ்சுத் தூசியையும் போர்த் தண்ணீரின் உப்பையும் கவனிக்க வேண்டும். இவற்றைச் சரிக்கட்டாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த செட்டும் இரைச்சலைத்தான் பெரிதாக்கிக் கொடுக்கும்.

முதலில் இடம். சாதாரண மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜிலிருந்து (ஊசியின் அசைவைக் காந்தத்தால் மின்சாரமாக்கும் சின்னப் பெட்டி) வருவது 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் நிற்கும் ஃபோனோ பிரீஆம்ப் அதைச் சுமார் 100 மடங்கு பெருக்குகிறது. தட்டின் பள்ளத்தில் பதிந்த பாட்டையும் தரை வழியாக வரும் தறியின் அடியையும் ஊசி பிரித்துப் பார்ப்பதில்லை. இதோடு, ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வாக்கில் தாமாகவே ஆடும் இயல்புடையவை. அந்த அளவை ஒட்டிய அதிர்வு வந்தால் ஆட்டம் இன்னும் கூடும். காதுக்கு அது கேட்காது. ஆனால் ஸ்பீக்கரில் பாஸ் ஒலிக்கும் வூஃபர் கோன் மெதுவாக முன்னும் பின்னும் போய் வரும், பாஸ் கலங்கும், ஆம்ப்ளிஃபையரின் சக்தி வீணாகும்.

அதனால் தரையில் நிற்கும் மேஜை, பீரோ எதுவும் வேண்டாம். தறிக்கொட்டகையை ஒட்டாத கனமான சுவரில் இரும்பு பிராக்கெட் அடித்து, அதன்மேல் ஒன்றரை அங்குலக் கடப்பா கல் போட்டு, டர்ன்டேபிளை அதன் சொந்த ரப்பர் கால்களிலேயே நிறுத்துங்கள். ஸ்பீக்கரை அதே கல்லில் வைத்தால் ஊளையிடும். வைத்த பிறகு ஒரு சோதனை: மோட்டாரை நிறுத்தி, ஓடாத தட்டின் மேல் ஊசியை இறக்கி, வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூம் வைத்துக் கல்லை விரலால் தட்டிப் பாருங்கள். லேசான ‘டொக்’ வந்தால் பரவாயில்லை. ‘தொம்’மென்று இழுத்துக்கொண்டு கேட்டாலோ, தறி ஓடும்போது கோன் ஆடினாலோ சுவரை மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான், காதுக்குக் கேட்காத தாழ்ந்த அதிர்வை வடிகட்டும் சப்சோனிக் ஃபில்டர் உள்ள பிரீஆம்ப். மட்டம் பார்க்கக் கொத்தனாரின் ரசமட்டம் போதும். தட்டு உட்காரும் பிளாட்டர் மேல் இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய செட் என்றால் 120 வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் போடுவதோடு வேலை முடியாது. ஏ.சி. மோட்டார் உள்ளவை 60 ஹெர்ட்ஸை நம்பிச் சுழல்பவை. நம் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது 28-க்கும் கீழே இறங்கி, பாடகர் குரல் கனத்துப்போகும். மோட்டார் புல்லியை 50 ஹெர்ட்ஸுக்கானதாக மாற்றினால்தான் தீரும். டி.சி. மோட்டார் செட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பழைய பெல்ட் தளர்ந்திருந்தால் சுருதி ஊசலாடும். அதைக் கண்டுபிடிக்க நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையைப் போலச் சோதனை வேறில்லை.

‘ம்ம்ம்’ என்று கரண்ட் இரைச்சல் கேட்டால் டர்ன்டேபிளின் மெல்லிய எர்த் வயர் பிரீஆம்பின் திருகில் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் மட்டும் இரைச்சல் கூடுகிறதென்றால் வீட்டு எர்த் குழி காய்ந்திருக்கலாம். தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதில் செலவொன்றும் இல்லை.

அடுத்தது ஊசியின் எடை. ஊசி நடுப்பக்கம் இழுபடுவதைத் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட்டிங்கைப் பூஜ்யத்தில் வைத்து, ஆர்மின் பின்முனையிலுள்ள கவுண்டர்வெயிட்டைத் திருப்பி ஆர்மைக் கிடைமட்டமாக மிதக்க விடுங்கள். அந்த நிலையில் எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்பி, பிறகு வெயிட்டோடு சேர்த்து வேண்டிய எடைக்குக் கொண்டு போங்கள். ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம், ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம். ஆன்டி-ஸ்கேட்டிங்கையும் அதே எண்ணுக்கு வையுங்கள். வளையத்தை முழுதாக நம்பாமல் 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் சரிபார்ப்பது நல்லது. தராசின் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் இழுத்துத் தப்பான எடை காட்டும். இசைத்தட்டு கெடாமல் இருக்கட்டும் என்று எடையைக் குறைப்பவர்கள் பலர். உண்மையில் எடை குறைந்த ஊசி பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளிச் சுவரைச் சிதைக்கும். கொடுத்த வரம்புக்குள்ளேயே சற்று மேல்பக்கமாக வையுங்கள். செராமிக் கார்ட்ரிட்ஜோடு வரும் சூட்கேஸ் பிளேயர்கள் 5 கிராம் வாக்கில் அழுத்துபவை. நல்ல தட்டை அதில் போடவே கூடாது. எத்தனை மணி நேரம் ஓடியதென்று தெரியாத ஊசியோடு பழைய செட் வாங்கினால், முதல் தட்டைப் போடும் முன்பே ஊசியை மாற்றிவிடுங்கள்.

இனி கழுவுதல். தொட்டிக்கட்டு வீடானாலும் மாடி வீடானாலும் ஆடிக் காற்றில் பஞ்சு உள்ளே வராமல் இருக்காது. அது ஊசி நுனியில் உருண்டு திரண்டால் ‘ஸ’, ‘ச’ ஒலிகள் கரகரக்கும், உச்ச ஒலி மங்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன் கார்பன் ஃபைபர் பிரஷ்ஷைத் தட்டிலும், சின்ன பிரஷ்ஷை ஊசியிலும் ஓட்டுங்கள். ஊசியைப் பின்னிருந்து முன்னாக மட்டுமே துடைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இழுத்தால் ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டான கேன்டிலீவர் வளைந்துவிடும்.

பழைய சாமான் கடையில் வாங்கிய எல்.பி.க்கு (33⅓ சுற்று வினைல் தட்டு) திரவம்: டிஸ்டில்டு வாட்டர் 800 மில்லி, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் 200 மில்லி, வாசனையில்லாத பாத்திரம் கழுவும் லிக்விட் மூன்று சொட்டு. பேட்டரிக் கடையில் ஐந்து லிட்டர் கேனாகக் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். பேட்டரி ஆசிட் கேனும் அங்கேயேதான் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். ஆல்கஹால் தீப்பற்றும், அடுப்பு, விளக்குப் பக்கம் கலக்காதீர்கள். போர்த் தண்ணீரில் கழுவினால் அதன் உப்பு பள்ளத்தில் படிந்து பொரியும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியானாலும் கடைசி அலசலுக்கு வேண்டாம்.

உலர்ந்த தூசியை முதலில் தட்டிவிட்டு, ஒரு பக்கத்துக்கு 15 மில்லி ஊற்றி, மென்மையான முடி பிரஷ்ஷால் பள்ளத்தின் வளைவோடு சுற்றித் தேயுங்கள். நடு லேபிள் நனையக் கூடாது. இரண்டு நிமிடத்தில், காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை. திருப்பூர் பனியன் வேஸ்ட் கைக்கு அருகில் கிடைக்கும்தான், ஆனால் அது விட்டுப்போகும் நூலிழையே அடுத்த அழுக்கு. பாத்திர ஸ்டாண்டில் நிமிர்த்தி, ஃபேன் இல்லாமல் நிழலில் காயவிடுங்கள். பழைய காகித உறைக்குள் மறுபடி போட்டால் பாடெல்லாம் வீண், புது உறை போடுங்கள். அடுக்கும்போது செங்குத்தாக நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரையை ஒட்டிய பரணில் வைத்த தட்டு நெளிந்துவிடும்.

தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகளை இந்தத் திரவத்தில் தொடவே தொடாதீர்கள். அவை ஷெல்லாக், அதாவது அரக்கு; ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு லிக்விட் விட்டு, சீக்கிரம் துடைத்து, உடனே உலர்த்துங்கள். ஊசியும் வேறு: எல்.பி. ஊசி நுனியின் ஆரம் 18 மைக்ரான் வாக்கில், 78-க்குச் சுமார் 75 மைக்ரான் வேண்டும். மெல்லிய ஊசி அகன்ற பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியை உழுதுகொண்டு போவதால் இரைச்சல்தான் கூடும். 78-க்கென்று ஊசி பூட்டிய இன்னொரு ஹெட்ஷெல்லை (கார்ட்ரிட்ஜ் பொருந்தும் முனை) தனியாக வைத்துக்கொண்டு, மாற்றும்போதெல்லாம் எடையையும் புதிதாகச் சரிசெய்யுங்கள்.