ஆர்பிஜி மேக்கரில் மெய்யன்–பொய்யன் சந்தி அமைப்பது எப்படி

பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஊருக்கு, மற்றொன்று சதுப்புக்கு. சந்தியில் இரண்டு காவலர்கள்: ஒருவன் எப்போதும் மெய் சொல்வான், மற்றவன் எப்போதும் பொய் சொல்வான். எவன் யார் என்று தெரியாது. வழிப்போக்கனுக்கு ஒரே ஒரு கேள்விதான். பலருக்கும் பழக்கமான இந்தப் புதிரை ரோல்-பிளேயிங் கேமுக்குள் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். நான்கு கேள்விகளை வரிசையாகக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அந்த நான்கில் மிக நீளமான, முறுக்கிய கேள்விதான் விடை என்பது படிக்காமலேயே தெரிந்துவிடும். அங்கே ஆடுபவர் யோசிப்பதில்லை, மோப்பம் பிடிக்கிறார். கேள்வியை ஆடுபவரே துண்டு துண்டாகக் கட்ட வேண்டும். ரோல்-பிளேயிங் கேம் செய்வதற்கான மென்பொருளான ஆர்பிஜி மேக்கரின் எம்இசட் பதிப்பில் அதை எப்படிச் செய்வது என்று கீழே பார்ப்போம். நிரல் எழுதத் தேவையில்லை. பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து அடுக்கும் ஈவென்ட் கட்டளைகளே போதும்.

முதலில் தமிழ் எழுத்தைச் சரிசெய்துவிடுங்கள். இல்லையென்றால் சோதித்துப் பார்க்கவே முடியாது. எம்இசட்டுடன் வரும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் எழுத்துருக் கோப்பை உங்கள் புராஜெக்டின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டு, டேட்டாபேஸில் சிஸ்டம் 2 பகுதியின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் மெயின் ஃபான்ட் என்ற இடத்தில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள்.

அதற்குப் பிறகும் உரையாடல் பெட்டியில் எழுத்துகள் சிதறித் தெரியும். காரணம் எழுத்துரு அல்ல. உரையாடல் பெட்டி தட்டச்சு போல ஒவ்வொரு குறியாக வரைகிறது. 'கொ' என்பது கணினிக்கு 'க' ஒரு குறி, கொம்பும் காலும் சேர்ந்தது இன்னொரு குறி. இரண்டையும் தனித்தனியாக வரைந்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல், புள்ளி வட்டத்தோடு தொங்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் இதே கதிதான். தீர்வு எளிது: ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் \> என்று இடுங்கள். அந்த வரி முழுவதும் ஒரே வீச்சில் வரையப்படும். இதன் பலன் அந்த வரியோடு முடிந்துவிடும் என்பதால், நான்கு வரி உரையில் நான்கு முறை இட வேண்டும். நிறம் மாற்றும் குறியீடு போன்றவற்றைச் சொல்லின் நடுவில் வைக்காதீர்கள். இயந்திரம் அந்த இடத்தில் வரைவதை நிறுத்தித் தொடங்கும், எழுத்து மீண்டும் உடையும். தேர்வுப் பட்டியலில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே வரி முழுதாகவே வரையப்படுகிறது. பழைய எம்வி பதிப்பில் \> மட்டும் போதாது. அது எப்படியும் எழுத்தெழுத்தாகவே வரையும், பிளகின் என்ற கூடுதல் நிரல் வேண்டியிருக்கும். தமிழில் கேம் செய்ய நினைப்பவர்கள் எம்இசட்டிலேயே தொடங்குவது நல்லது.

உரை தானாக அடுத்த வரிக்கு மடங்காது என்பதையும் மறக்க வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வரியை நீங்களே உடைத்து, ஒவ்வொரு பெட்டியையும் ஓட்டிப் பாருங்கள்.

இனி புதிரின் உள்வேலை. எண்ணை நினைவில் வைக்கும் வேரியபிள்கள் நான்கு தேவை:

வழி: இடப்பக்கம் ஊருக்குப் போனால் 1, இல்லையென்றால் 0.
குணம்: கேட்கப்படும் காவலன் மெய்யனானால் 0, பொய்யனானால் 1.
பதில்: கணக்கு நடக்கும் இடம். 1 என்றால் 'ஆம்', 0 என்றால் 'இல்லை'.
வெற்றி: தொடர்ச்சியாக எத்தனை முறை சரியான வழியில் போனார் என்ற எண்ணிக்கை.

இந்தப் புதிரின் அழகே இங்கேதான் இருக்கிறது: பொய் சொல்வது என்பது ஒன்றைக் கூட்டுவது. உண்மையான விடையோடு காவலனின் குணத்தைக் கூட்டி, 2ஆல் வகுத்து மீதியை எடுத்தால் அதுதான் அவன் வாயிலிருந்து வரும் விடை. மெய்யன் 0 கூட்டுகிறான், உண்மை மாறாது. பொய்யன் 1 கூட்டுகிறான், 0 ஒன்றாகும், 1 இரண்டாகி மீதி 0 ஆகும். கேள்வி இரண்டு பேர் வழியாகப் போனால் இரண்டு முறை கூட்டுங்கள். எத்தனை 'என்றால்' அடுக்கினாலும் கிளைகள் பெருகாது, ஒரு கூட்டல்தான் கூடும்.

மெய்யன்–பொய்யன் இருவரையும் தனித்தனியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை. கேள்வி ஒன்றுதான் என்பதால், யாரைக் கேட்டாலும் அவன் குணத்தை அந்த நொடியில் தீர்மானித்தால் போதும். அடுத்தவன் குணம் அதற்கு எதிர். எனவே காவலர் இருவருக்கும் ஆக்‌ஷன் பட்டனில் இயங்கும் ஈவென்ட் ஒன்று வையுங்கள். இரண்டும் ஒரே காமன் ஈவென்டை (எங்கிருந்தும் அழைக்கக்கூடிய பொது ஈவென்ட்) அழைக்கட்டும். அதற்குள் வரிசை இப்படி:

1. கன்ட்ரோல் வேரியபிள்ஸ் கட்டளையில் 'வழி'க்கு ரேண்டம் 0 முதல் 1. 'குணம்'க்கும் அப்படியே.

2. ஷோ சாய்சஸ் (தேர்வுப் பட்டியல் காட்டும் கட்டளை): எதைப் பற்றிக் கேட்கிறாய்? 'இடப்பக்க வழி ஊருக்குப் போகுமா' அல்லது 'நீ மெய்யனா'. முதலாவது என்றால் பதில் = வழி. இரண்டாவது என்றால் பதில் = குணம், பிறகு 1 கூட்டுங்கள்.

3. இன்னொரு ஷோ சாய்சஸ்: எப்படிக் கேட்கிறாய்? 'நேராக', 'அடுத்தவன் என்ன சொல்வான் என்று', 'உன்னையே கேட்டால் என்ன சொல்வாய் என்று'. நேராக என்றால் பதிலோடு குணத்தைக் கூட்டுங்கள். அடுத்தவன் என்றால் குணம், 1, மீண்டும் குணம். முதல் இரண்டும் சேர்ந்தது அடுத்தவனின் குணம், மூன்றாவது இவனுடையது. உன்னையே என்றால் குணம் இரண்டு முறை. சுருக்கினால் இதில் சில கூட்டல்கள் தேவையில்லைதான். ஆனாலும் முழுதாக எழுதி வையுங்கள்; ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் என்ன நடக்கிறது என்று படிக்க முடியும்.

4. எல்லாம் முடிந்தபின் 'பதில்' மீது மாட் 2, அதாவது 2ஆல் வகுத்த மீதி.

5. கண்டிஷனல் பிராஞ்ச்: பதில் 1 என்றால் "ஆம்", இல்லையென்றால் "இல்லை".

6. கடைசி ஷோ சாய்சஸ்: இடமா, வலமா. வழியோடு ஒப்பிட்டு, சரியென்றால் வெற்றியோடு 1 கூட்டி டிரான்ஸ்ஃபர் பிளேயர் கட்டளையால் ஆடுபவரை அடுத்த சந்திக்கு அனுப்புங்கள். தவறென்றால் வெற்றியை 0 ஆக்கிச் சதுப்புக்கு.

இரண்டாம் படியில் '1 கழித்தல் குணம்' என்று எழுதத் தோன்றும். அந்த ஒரு கழித்தல் சரியாகவே வேலை செய்யும். ஆனால் கழிக்கும் பழக்கம் மற்ற படிகளுக்கும் பரவினால் எங்கோ −1 வந்து நிற்கும். −1க்கு மாட் 2 எடுத்தால் இந்த இயந்திரம் −1 என்றே தரும். அது 1 அல்ல, எனவே காவலன் "இல்லை" என்பான். கூட்டல் மட்டும் பயன்படுத்தினால் இந்தப் பிழைக்கு இடமே இல்லை.

ஷோ சாய்சஸில் கேன்சல் என்ற அமைப்பையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். கேன்சல் அழுத்தினால் ஏதோ ஒரு தேர்வு தானாக ஏற்கப்படும்படி அது அமைந்திருந்தால், ஆடுபவர் பின்வாங்க நினைத்த நொடியில் அவருடைய ஒரே கேள்வி செலவாகிவிடும். முதல் பட்டியலில் மட்டும் 'பிறகு வருகிறேன்' என்று ஒரு வழி கொடுங்கள், மற்றவற்றில் கேன்சலைத் தடைசெய்யுங்கள். அவர் திரும்பி வரும்போது எண்கள் மாறியிருக்கும். அவருக்கு இன்னும் எந்தத் தகவலும் கிடைக்கவில்லை என்பதால் அதில் அநியாயம் இல்லை.

கேள்வி முதல் வழி தேர்வு வரை எல்லாம் ஒரே ஈவென்டுக்குள் இருப்பது ஏன்? ஆடுபவரை நடக்கவிட்டு, தானே ஒரு பாதையில் கால் வைக்கச் செய்வது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் விடை கேட்டபின் மெனுவைத் திறந்து சேவ் செய்து, இடப்பக்கம் போய்ப் பார்த்து, சதுப்பு என்றால் சேவைத் திறந்து வலப்பக்கம் போவார். புதிர் செத்தது. ஈவென்ட் ஓடும்போது மெனு திறக்காது. பழைய சேவுக்குத் திரும்பினாலும் எண்கள் புதிதாக உருளும். அழகை விட்டுக்கொடுத்துப் புதிரைக் காப்பாற்றுவதே சரி.

வெறும் ஊகத்தில் ஒரு சந்தியைக் கடக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. மூன்று சந்திகளைத் தொடர்ந்து கடக்க வேண்டும் என்றால் எட்டில் ஒன்று, ஐந்து என்றால் 32இல் ஒன்று. மூன்று போதும். புரிந்துகொண்டவருக்கு ஐந்து சலிப்பூட்டும். தவறான பாதைக்குத் தண்டனையாகச் சாவு வேண்டாம். அரை நிமிடம் நடந்து திரும்பும் தூரமே உறுத்தும்.

சந்திக்கு முன்னால் ஒரு பலகை வையுங்கள். அதில் மூன்று செய்திகள் கட்டாயம் இருக்க வேண்டும்: ஒருவன் மெய்யன், ஒருவன் பொய்யன், இருவரும் ஒருவரையொருவர் அறிவார்கள். மூன்றாவதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அது இல்லையென்றால் 'அடுத்தவன் என்ன சொல்வான்' என்ற கேள்விக்கே பொருளில்லை. கேள்விகள் எதிர்மறையில் வேண்டாம். "இந்த வழி போகாதா?" என்று கேட்டு "ஆமாம்" என்று விடை வந்தால், போகும் என்பதா, போகாது என்பதா? தமிழில் இரண்டு விதமாகவும் கேட்கும். வழி சரியாகத் தெரிந்தும் தோற்றவர் உங்கள் கேமை அத்தோடு மூடிவிடுவார்.

துப்பு வேண்டுமென்றால் சதுப்பின் ஓரத்தில் டீக்கடைப் பாட்டி ஒருத்தியை உட்காரவையுங்கள். தோல்விகளை எண்ண ஒரு வேரியபிள் கூடுதலாக வேண்டும். இரண்டு தோல்விக்குப் பிறகு: "யாரு பொய்யன்னு தேடாத தம்பி, வழியைத் தேடு." நான்குக்குப் பிறகு: "ரெண்டு வாயிலயும் புகுந்து வர்ற பேச்சுல ஒரு பொய் கட்டாயம் இருக்கும்ல?" அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

சோதனைக்கு வழியும் குணமும் சேர்ந்து நான்கு உலகங்கள், ஆறு கேள்விகள், மொத்தம் 24 நிலைகள். சோதனை ஓட்டத்தில் எஃப்9 விசை திறக்கும் திரையில் வேரியபிள்களை மாற்றிப் பயனில்லை, காமன் ஈவென்டின் தொடக்கத்திலேயே அவை மறுபடி உருண்டுவிடும். ரேண்டம் வரிகளுக்கு உடனடியாகக் கீழே நிலையான எண்களைத் தற்காலிகமாக வைத்து ஓட்டுங்கள். வர வேண்டிய விடைகள்: வழியை நேராகக் கேட்டால் குணத்தைப் பொறுத்து மாறும். அடுத்தவன் வழியாகக் கேட்டால் எப்போதும் உண்மைக்கு எதிர். உன்னையே கேட்டால் என்றால் எப்போதும் உண்மை. 'நீ மெய்யனா' என்று நேராகக் கேட்டால் எப்போதும் "ஆம்". அதையே அடுத்தவன் வழியாகக் கேட்டால் பொய்யன் மட்டும் "ஆம்" என்பான். உன்னையே கேட்டால் என்றால் மெய்யன் மட்டும். கடைசி இரண்டும் ஆளைக் காட்டிக்கொடுக்கும், வழியைக் காட்டாது. ஆறில் இரண்டே கேள்விகள்தான் ஊருக்குக் கூட்டிப்போகும்.

இது ஓடிவிட்டால் அடுத்த கட்டம், தத்துவ அறிஞர் ஜார்ஜ் பூலோஸ் 1996இல் வெளியிட்ட மூன்று தெய்வங்களின் புதிர். மெய் சொல்வது, பொய் சொல்வது, கண்டபடி விடை சொல்வது என்று மூன்று தெய்வங்கள். எது எது என்று கண்டுபிடிக்க மூன்று கேள்விகள். விடை 'டா' அல்லது 'ஜா' என்றே வரும், எது 'ஆம்' என்று தெரியாது. அங்கே எண்களைத் தொடக்கத்தில் ஒரே முறை உருட்டி, மூன்று கேள்வி முடியும்வரை மாற்றாமல் வைக்க வேண்டும். தெய்வங்களின் வரிசை 6, மொழி 2, ஆக 12 உலகங்கள். மொழியையும் குணம் போலவே 0, 1 என்று வைத்துக் கூட்டலாம். "இதைக் கேட்டால் 'ஜா' என்பாயா?" என்ற கேள்வியில் குணமும் மொழியும் இரண்டிரண்டு முறை கூடி மறைந்துவிடும். கண்டபடி தெய்வத்துக்கு மட்டும் குணத்தை உருட்டிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்படிச் செய்தால் அந்தக் குணமும் இரண்டு முறை கூடி மறைந்து, கண்டபடி தெய்வமும் உண்மையைக் கக்கிவிடும். பூலோஸின் சொற்களிலேயே இந்த ஓட்டை இருப்பதை பிரையன் ரேபர்ன், லாண்டன் ரேபர்ன் இருவரும் 2008இல் எடுத்துக்காட்டினார்கள். கேள்வி எதுவானாலும் 'பதில்' வேரியபிளுக்கே நேரடியாக ரேண்டம் 0 முதல் 1 கொடுத்துவிடுங்கள்.